நேற்றைய லாக் ஃபைலில் இன்றைய வரிகள்

"ராத்திரி பத்தே முக்கால் வாக்குல பதினாலாம் நம்பர் மீட்டர்ல ரீடிங்கே வரலைங்க சார். பதினொன்னே காலுக்கு அதுவாவே சரியாயிருச்சுங்க. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

உடுமலைப் பக்கத்து நூற்பாலை ஒன்றிலிருந்து அங்கத்து எலக்ட்ரீஷியன் காலை ஒன்பது மணிக்கு அழைத்துச் சொன்னது இது. மூன்று வாரத்தில் நான்காவது முறை. ஒவ்வொரு முறையும் "பார்க்கிறேண்ணா" என்று சொல்லிவிட்டு, எங்கள் நிரல் தான் செய்வதை வரி வரியாகக் குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் திறப்பேன். அங்கே ஒன்றும் இருக்காது. பிழை இல்லை என்று அர்த்தமில்லை, அந்த நேரத்துக்கான வரிகளே இருக்காது. முதல் மூன்று முறையும் மில்லில் இருக்கும் எங்கள் பெட்டி அணைந்து கிடந்திருக்கும் என்று நானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நான்காவது முறை வெட்கமாக இருந்தது.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மில்லில் ஒரு மூலையில், இயந்திரங்களிலிருந்தும் மீட்டர்களிலிருந்தும் தகவல் சேர்க்கும், விசிறி இல்லாத சின்ன லினக்ஸ் கணினி ஒன்று. அதில் ஜாவா 17. அதன் மேல் அப்பாச்சி ஃபீலிக்ஸ், அதாவது ஜாவா நிரலைத் தனித்தனித் துண்டுகளாக ஓட்டும் ஓஎஸ்ஜிஐ. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமுக்கு ஒரு ப்ளக்-இன், நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனருக்கு ஒன்று, மின்மீட்டர்களுக்கு ஒன்று, சேர்ந்த தகவலை மேலே அனுப்புவதற்கு ஒன்று என்று எல்லாம் தனித்தனி பண்டில்கள் (ஓஎஸ்ஜிஐயில் துண்டுக்குப் பெயர் பண்டில்). ஒன்றை நிறுத்தி, புதியதைப் போட்டு, திரும்ப ஓட்டலாம். மற்றவை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மில்லை நிறுத்தச் சொல்ல முடியாது என்பதால்தான் இந்த அமைப்பு. லாக் எழுத இரண்டு நூலகங்கள்: நிரல்கள் கூப்பிடுவது எஸ்எல்எஃப்4ஜே 1.7, அதன் அடியில் இருந்து ஃபைலில் எழுதுவது லாக்பேக் 1.2. நள்ளிரவில் அன்றைய ஃபைல் தேதியோடு பெயர் மாறும், புது ஃபைல் தொடங்கும். எத்தனையோ ஜாவா நிரல்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

சரி, அன்றைக்குக் காலை எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்தே பெட்டிக்குள் போனேன். அன்று 14ஆம் தேதி. 13ஆம் தேதி பெயர் கொண்ட ஃபைலைத் திறந்தால் முதல் வரியின் நேரம் 14ஆம் தேதி 00:00:01. கடைசி வரி, நான் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிமிடம். இன்னொரு முறை பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஃபைலின் அளவு கூடியிருந்தது. நேற்றைய தேதி போட்டு மூடி வைத்ததாக நினைத்த ஃபைல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது! அதிலிருந்த எல்லா வரிகளும் ஆட்டோகோனர் ப்ளக்-இன் எழுதியவை. வேறு யாருடையதும் ஒரு வரிகூட இல்லை.

இன்றைய ஃபைலைத் திறந்தேன். அதில் நள்ளிரவிலிருந்து மற்ற எல்லா ப்ளக்-இன்களும் இருந்தன, ஆட்டோகோனர் மட்டும் இல்லை. 13ஆம் தேதி மற்றவை எழுதியது எங்கேயும் இல்லை.

முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல் போனது. நேரம் சரியாக இருந்தது. அடுத்து நேர மண்டலம். கிரீன்விச் நேரத்தில் ஓடினால் ஃபைல் மாறுவது நம்முடைய காலை ஐந்தரைக்கு நடந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. பழைய ஃபைல்களை அழிக்கும் அமைப்பு 30 நாள் என்று இருந்தது, அதன்படி 30 ஃபைல்களும் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில்தான் ஒரு கோடு தெரிந்தது. சரியாக 21 நாளுக்கு முன்புவரை ஃபைல்கள் ஒழுங்காக இருக்கின்றன. அதற்குப் பிறகு உள்ள ஒவ்வொன்றிலும் ஆட்டோகோனர் வரிகள் மட்டும், அதுவும் ஒரு நாள் தள்ளி. 21 நாளுக்கு முன்புதான் ஆட்டோகோனர் ப்ளக்-இன்னின் புதிய பதிப்பைப் போட்டோம்.

அடுத்து, திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஜாவா ப்ராசஸ் எண்ணோடு கொடுத்து, லாக் அடைவை மட்டும் வடிகட்டினேன். இரண்டு வரிகள் வந்தன. ஒரே ப்ராசஸ். ஒரு வரியில் இன்றைய ஃபைல், மற்றதில் 13ஆம் தேதி ஃபைல். இரண்டுமே எழுதுவதற்காகத் திறந்தவை. லாக்பேக் ஒன்றே ஒன்று ஓடினால் இப்படி வர வழியே இல்லை.

ஜாவாவின் ஜேசிஎம்டி கட்டளையில், ஹீப்பில், அதாவது நிரலின் நினைவகத்தில், எந்த க்ளாஸுக்கு எத்தனை ஆப்ஜெக்ட் என்று எண்ணிச் சொல்லும் ஹிஸ்டோகிராம் இருக்கிறது. அதில் லாகர்கான்டெக்ஸ்ட் என்று தேடினேன். லாக்பேக்கின் மூளை அந்த க்ளாஸ்தான், ஒரு நிரலுக்கு ஒன்று போதும். இங்கே அதே பெயரில் இரண்டு வரிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆப்ஜெக்ட். ஒரே க்ளாஸ் பெயர் இரண்டு வரியாக வந்தால் அது இரண்டு க்ளாஸ்லோடர்களில் (க்ளாஸ்களை ஏற்றித் தரும் பகுதி, பண்டிலுக்கு ஒன்று) இருந்து வந்திருக்கிறது என்று பொருள். ஆட்டோகோனர் ப்ளக்-இன்னின் ஜாரை, அதாவது அதன் குறியீட்டைக் கட்டி வைத்த பொதியை, பிரித்துப் பார்த்தேன். உள்ளே எஸ்எல்எஃப்4ஜே, லாக்பேக்-கோர், லாக்பேக்-கிளாசிக் மூன்றும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தன.

அந்தப் ப்ளக்-இன் வெளியில் ஒருவர் எழுதிக் கொடுத்தது. ஜாரைக் கட்டும் மேவனில், சார்புகள் (நிரலுக்குத் தேவையான பிற நூலகங்கள்) எல்லாவற்றையும் பண்டிலுக்குள் திணிக்கும் அமைப்பைப் போட்டிருந்தார். அவர் கணினியில் தனியாக ஓட்டிப் பார்க்க அது வசதி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ப்ளக்-இன் எழுதுபவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் வழிகாட்டியில் லாக் என்ற சொல்லே கிடையாது.

இப்போது நள்ளிரவில் என்ன நடந்தது என்று பார்ப்போம். தாளில் எழுதி எழுதித்தான் எனக்கே புரிந்தது.

ஆட்டோகோனருக்குள் இருக்கும் லாக்பேக்கை 'உள்ளூர்' என்றும், மற்ற எல்லோரும் பயன்படுத்தும் லாக்பேக்கைப் 'பொது' என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ஃபைலைத் திறந்து எழுதுகின்றன. பகலில் பிரச்சினை இல்லை, இரண்டும் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகின்றன. லாக்பேக்கில் தேதி மாறும் வேலை நள்ளிரவில் தானாக நடப்பதில்லை. நள்ளிரவுக்குப் பிறகு முதல் லாக் வரி வரும்போதுதான் நடக்கும். ஆட்டோகோனர் ஒவ்வொரு நொடியும் எழுதும், அதனால் உள்ளூர்தான் முந்தும். அது தன் ஃபைலை மூடி, 13 என்று பெயர் மாற்றி, புது ஃபைலைத் திறக்கிறது. இதுவரை சரி.

பொது லாக்பேக்குக்கு இது தெரியாது. லினக்ஸில் ஃபைலுக்குப் பெயர் மாறினாலும் திறந்து வைத்திருப்பவரின் பிடி விடாது. அரை நிமிடம் கழித்து அதற்கு ஒரு வரி வருகிறது. அதுவும் தன் ஃபைலை மூடுகிறது, 'இன்றைய பெயரில் இருப்பதை 13 என்று மாற்று' என்கிறது. இன்றைய பெயரில் இப்போது இருப்பது உள்ளூர் அரை நிமிடத்துக்கு முன்பு திறந்த புது ஃபைல். 13 என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு முழு நாளின் லாக் இருக்கிறது. லினக்ஸின் பெயர் மாற்றும் கட்டளை அந்த இடத்தில் கேள்வி கேட்காது. இருந்ததை அப்படியே தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை வைத்துவிடும். ஒரு நாளின் லாக் முழுவதும் அந்த நொடியில் போய்விட்டது. உள்ளூரோ 13 என்று பெயர் மாறிப்போன ஃபைலை இன்றைய ஃபைல் என்று நம்பி, நாள் முழுக்க அதிலேயே எழுதிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் நள்ளிரவிலும் இதே கூத்து. அதனால்தான் பொதுவின் லாக் தினமும் அழிந்தது, உள்ளூரின் லாக் ஒரு நாள் பின்தங்கிய பெயரில் தப்பியது. பகலில் நாங்கள் எத்தனை முறை உள்ளே போய்ப் பார்த்தாலும் அன்றைய லாக் ஒழுங்காக இருக்கும். மில்காரர் சொன்னதோ முந்தைய இரவு பத்தே முக்கால். அன்று இரவே பன்னிரண்டுக்குள் கூப்பிட்டிருந்தால் மாட்டியிருக்கும். விண்டோஸ் பெட்டியாக இருந்திருந்தாலும் முதல் நாளே தெரிந்திருக்கும், திறந்திருக்கும் ஃபைலைப் பெயர் மாற்ற அது பெரும்பாலும் விடாது, பிழை கிடைத்திருக்கும்.

இரண்டு லாக்பேக் இருந்தால்கூட ஒரே ஃபைலை எப்படித் தேர்ந்தெடுத்தன? அதற்கும் நானே காரணம். லாக்பேக்கின் அமைப்பு ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை ஜாவா தொடங்கும்போது சிஸ்டம் ப்ராப்பர்ட்டியாகக் கொடுத்திருந்தேன். சிஸ்டம் ப்ராப்பர்ட்டி என்பது ஜேவிஎம், அதாவது ஓடும் ஜாவா ப்ராசஸ், முழுவதற்கும் பொது. க்ளாஸ்லோடர் சுவர்கள் அதைத் தடுக்காது. உள்ளூர் லாக்பேக் கண் விழித்ததும் அந்த ப்ராப்பர்ட்டியைப் பார்த்து, 'ஓ, இதுதான் எனக்கான அமைப்பு போலிருக்கிறது' என்று எடுத்துக்கொண்டது.

எச்சரிக்கை ஏன் வரவில்லை என்று கேட்கலாம். சாதாரண ஜாவா நிரலில், க்ளாஸ்பாத்தில் இரண்டு லாக்பேக் இருந்தால் எஸ்எல்எஃப்4ஜே தொடங்கும்போதே கத்திவிடும். ஆனால் ஓஎஸ்ஜிஐயில் ஒவ்வொரு பண்டிலும் தன் வீட்டை மட்டுமே பார்க்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு லாக்பேக்தான் இருந்தது. ஃபைலில் எழுதும் பகுதிகளான அப்பெண்டர்கள் இரண்டு ஒரே ஃபைலைத் தொட்டால் லாக்பேக்கே கண்டுபிடித்து மறுக்கும், ஆனால் அந்தச் சோதனையும் ஒரே லாகர்கான்டெக்ஸ்டுக்குள் மட்டும்தான்.

அன்று மாலைக்குள் ஒரு தற்காலிகக் கட்டு போட வேண்டியிருந்தது, இன்னொரு இரவை இழக்க முடியாது. லாக்பேக் அமைப்பில் ரோலிங் அப்பெண்டருக்கு ஃபைல் பெயர் கொடுக்கும் வரியை எடுத்துவிட்டேன். அந்த வரி இல்லாவிட்டால் தேதி உள்ள பெயரிலேயே தொடக்கத்திலிருந்து எழுதும். நள்ளிரவில் பெயர் மாற்றும் வேலையே இருக்காது, புதிய தேதியில் புது ஃபைல் திறந்துகொள்ளும். இரண்டு லாக்பேக்கும் ஒரே ஃபைலில் எழுதினாலும் ஒன்றை ஒன்று அழிக்காது. மில்காரருக்குச் சொல்லிவிட்டு ஒருமுறை முழுதாக நிறுத்தி ஓட்டினேன். இரண்டு நிமிடம். லாக்பேக்கில் ப்ரூடன்ட் என்று ஒரு முறை இருப்பதைச் சிலர் சொல்வார்கள். அது தனித்தனி ஜேவிஎம்கள் ஒரே ஃபைலில் எழுதுவதற்கானது. ஜாவாவின் ஃபைல் பூட்டு ஜேவிஎம் முழுமைக்கும் ஒன்றாகக் கணக்காவதால் ஒரே ஜேவிஎம்முக்குள் நடக்கும் இந்தச் சண்டைக்கு அது மருந்து இல்லை.

அப்புறம் நிதானமாகச் சரிசெய்ய உட்கார்ந்தேன்.

ப்ளக்-இன் பக்கம் வேலை குறைவு. எஸ்எல்எஃப்4ஜேயின் ஏபிஐயை மட்டும் கம்பைல் செய்யப் பயன்படுத்த வேண்டும், ஜாருக்குள் வைக்கக் கூடாது. மேவனில் அதற்கு 'ப்ரொவைடட்' என்று ஸ்கோப் கொடுத்தால் போதும். லாக்பேக் சார்பு டெஸ்டுக்கு மட்டும். பண்டிலின் விவரப் பட்டியலான மேனிஃபெஸ்டில் எஸ்எல்எஃப்4ஜே பேக்கேஜை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதாக இருக்க வேண்டும், பதிப்பு எல்லை 1.7 முதல் 3க்குக் கீழ் வரை. எழுதிக் கொடுத்தவரிடம் பேசினேன். "அண்ணா, அரை மணி நேர வேலை" என்றார். உண்மையிலேயே அரை மணிதான் ஆனது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கையோடு எஸ்எல்எஃப்4ஜேயை 2.0க்கும் லாக்பேக்கை 1.5க்கும் ஏற்றிவிடலாம் என்று ஆசைப்பட்டேன். இரண்டு நாள் போயிற்று.

1.7 வரை எஸ்எல்எஃப்4ஜே தன் அடியில் இருக்கும் ஃப்ரேம்வொர்க்கைக் கண்டுபிடித்த விதம் கொஞ்சம் முரட்டுத்தனமானது. ஸ்டாடிக்லாகர்பைண்டர் என்ற பெயரில் ஒரு க்ளாஸ் எங்காவது இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளும். 2022இல் வந்த 2.0இல் அதை விட்டுவிட்டு தேவையான பகுதியைத் தேடித் தரும் ஜாவாவின் சர்வீஸ்லோடருக்கு மாறினார்கள். சாதாரண நிரலுக்கு இது நல்லது. ஓஎஸ்ஜிஐக்கு இது தலைவலி, ஏனென்றால் சர்வீஸ்லோடர் ஏதோ ஒரு க்ளாஸ்லோடரை நம்பித்தான் தேடுகிறது, பண்டில் சுவர்களைத் தாண்டி அதற்குப் பார்வை கிடையாது. புது ஜார்களைப் போட்டு ஓட்டினால் எஸ்எல்எஃப்4ஜே பண்டிலே எழவில்லை. சர்வீஸ்லோடரைக் கவனித்துக்கொள்ள ஓர் எக்ஸ்டெண்டர் வேண்டும், அது இங்கே இல்லை என்று ஃபீலிக்ஸ் சொன்னது. அந்தச் செய்தி ஒன்றரை வரி நீளத்தில் அடைப்புக்குறிகளாகவே இருக்கும். முதலில் பார்ப்பவர்கள் பயப்படத்தான் செய்வார்கள்.

அந்த எக்ஸ்டெண்டர் அப்பாச்சி ஏரீஸின் எஸ்பிஐ ஃப்ளை. சர்வீஸ்லோடரைக் கூப்பிடும் இடங்களை, க்ளாஸ் லோடாகும்போதே பைட்கோடில், அதாவது கம்பைல் ஆன குறியீட்டில், கைவைத்து மாற்றிவிடும். பைட்கோடில் கைவைக்க ஏஎஸ்எம் நூலகம் வேண்டும், அது ஒரு ஜார் அல்ல, ஐந்து. லாக் எழுத மூன்று ஜாரில் தொடங்கியவன் ஒன்பதில் வந்து நின்றேன்.

இப்போது பண்டில்கள் எழுந்தன, ஆனால் லாக் வரவில்லை. கன்சோலில் ஒரே ஒரு வரி: ப்ரொவைடர் (அடியில் இருந்து எழுதும் நூலகம்) எதுவும் கிடைக்கவில்லை, ஒன்றும் செய்யாத லாகருக்குப் போகிறேன் என்பது அதன் சாரம். பெட்டியைத் திரும்பத் தொடங்கினேன், லாக் வந்தது. இன்னொரு முறை தொடங்கினேன், வரவில்லை. இது வரிசைப் பிரச்சினை என்று அப்போதே மூக்கில் வாசனை அடித்தது. எஸ்பிஐ ஃப்ளை எழுவதற்கு முன்பே ஏதோ ஒரு பண்டில் லாகர் கேட்டுவிட்டால் எஸ்எல்எஃப்4ஜேயின் க்ளாஸ் மாற்றப்படாமலே லோடாகிவிடும். மாற்றப்பட்டே லோடானாலும், லாக்பேக் அந்த நேரத்தில் எழுந்திருக்காவிட்டால் ப்ரொவைடர் கிடைக்காது. ஒருமுறை ஒன்றும் செய்யாத லாகர் என்று முடிவு செய்துவிட்டால் அது அப்புறம் மாறாது, அடுத்த மறுதொடக்கம் வரை ஊமைதான்.

ஃபீலிக்ஸில் தொடக்க நிலை என்று எண் கொடுக்கலாம். 1இல் ஏஎஸ்எம் ஜார்களும் எஸ்பிஐ ஃப்ளையும். 2இல் எஸ்எல்எஃப்4ஜேயும் லாக்பேக்கின் இரண்டு ஜார்களும். 3இல், மற்ற லாக் நூலகங்களின் வரிகளை எஸ்எல்எஃப்4ஜேக்குத் திருப்பும் பிரிட்ஜ் ஜார்கள். எங்கள் சொந்தப் பண்டில்கள் எல்லாம் 5க்கு மேல். இருபது முறை தொடங்கிப் பார்த்தேன், இருபதிலும் வந்தது. லாக்பேக் பண்டிலை ஓடும்போது மாற்றுவதில்லை என்றும் முடிவெடுத்தோம். ப்ளக்-இன்கள் எல்லாம் லாகரை ஸ்டாடிக்காகப் பிடித்து வைத்திருப்பதால் அடியில் இருப்பதை உருவினால் பழைய லாகர்களே கையில் நிற்கும். ப்ளக்-இன்னை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், லாக்பேக்கை மாற்ற வேண்டுமென்றால் முழு மறுதொடக்கம்.

பிரிட்ஜ் என்றேன் அல்லவா, அது அடுத்த கதை. நம் குறியீடு எஸ்எல்எஃப்4ஜேயில் எழுதுகிறது. நாம் எடுத்துப் பயன்படுத்தும் நூலகங்கள் அவரவர் விருப்பம். மேலே அனுப்பும் ப்ளக்-இன்னில் இருக்கும் அப்பாச்சி எச்டிடிபிகிளையன்ட் 4, காமன்ஸ் லாகிங் என்ற வேறொரு லாக் நூலகத்தில் எழுதுகிறது. ரெஸ்ட் சேவைக்கு வைத்திருக்கும் ஜெர்சி, ஜாவாவோடு வரும் ஜாவா.யூட்டில்.லாகிங்கில் எழுதுகிறது. பத்து வருடத்துக்கு முன்பு எங்கள் அலுவலகத்திலேயே எழுதிய சீரியல் போர்ட் நூலகம் லாக்4ஜே 1.2இல் எழுதுகிறது. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான வாரம், "லாக்4ஜே இருக்கா இல்லையா" என்று எல்லா வாடிக்கையாளரும் கேட்டபோது நான் சமாளித்த விதம் நினைவுக்கு வந்தது. அந்த ஓட்டை லாக்4ஜே 2இல், எங்களிடம் இருந்தது 1. 'எங்களுக்குப் பாதிப்பு இல்லை' என்று கடிதம் எழுதினேன். உண்மைதான். ஆனால் லாக்4ஜே 1க்கு 2015 ஆகஸ்டிலேயே அப்பாச்சி ஆதரவை முடித்துக்கொண்டது என்பதை அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. இந்த முறை அந்தக் கடனையும் அடைத்தேன்.

காமன்ஸ் லாகிங்குக்கும் லாக்4ஜே 1க்கும் வழி ஒன்றே. அசல் ஜாரை எடுத்துவிட்டு, அதே பேக்கேஜ் பெயர்களோடு எஸ்எல்எஃப்4ஜேக்குத் தள்ளிவிடும் மாற்று ஜாரை வைக்க வேண்டும். நூலகத்துக்கு ஆள் மாறியதே தெரியாது. ஒரே ஒரு கண்ணி மட்டும் உண்டு. லாக்4ஜேயிலிருந்து எஸ்எல்எஃப்4ஜேக்குப் போகும் ஜாரையும், எஸ்எல்எஃப்4ஜேயிலிருந்து லாக்4ஜேக்குப் போகும் ஜாரையும் சேர்த்து வைத்துவிடக் கூடாது. ஒரு வரியை இது அதனிடம் தள்ள, அது இதனிடம் தள்ள, ஸ்டாக் நிரம்பி விழும். பல வருடம் முன்பு வேறொரு வேலையில் நானே செய்து பார்த்த தவறு. ஸ்டாக் ட்ரேஸ் ஊஞ்சல் போல இரண்டே பெயர்களில் ஆயிரம் வரி ஓடும்.

ஜாவா.யூட்டில்.லாகிங்கை அப்படி மாற்ற முடியாது, அது ஜாவாவுக்குள்ளேயே இருக்கிறது. அதன் மூல லாகரில் ஒரு ஹேண்ட்லரைப் பொருத்தி, வருவதை எஸ்எல்எஃப்4ஜேக்குத் திருப்ப வேண்டும். பொருத்துவதற்கு முன்பு ஏற்கெனவே இருக்கும் கன்சோல் ஹேண்ட்லரைக் கழற்ற வேண்டும், மறந்தால் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை வரும். மறந்தேன், வந்தது. இதில் செலவும் இருக்கிறது. அணைத்து வைத்திருக்கும் லாக் வரிகூட முழு ஆப்ஜெக்டாக உருவாகி எஸ்எல்எஃப்4ஜே வரை வந்துதான் தூக்கியெறியப்படும். அணைத்த வரிகளுக்கு 60 மடங்கு வரை செலவு கூடலாம் என்று எஸ்எல்எஃப்4ஜேயின் கையேடே சொல்கிறது. அந்தச் சின்னப் பெட்டியில் அது கட்டுப்படியாகாது. லாக்பேக் அமைப்பில் லெவல்சேஞ்ச்ப்ராபகேட்டர் என்று ஒரு லிஸனர் போட்டால், லாக்பேக்கில் நாம் வைத்த லெவலையே (எவ்வளவு விவரமாக எழுத வேண்டும் என்ற அளவு) அந்தப் பக்கத்துக்கும் எடுத்துச் சொல்லிவிடும். அணைத்த வரி அங்கேயே அணைந்துவிடும்.

இந்த லிஸனர் இன்னொரு நன்மையும் செய்கிறது, அதை நான் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு ஜெர்சியின் லாகருக்கு நேரடியாக லெவல் வைத்திருந்தோம். தொடங்கிய கொஞ்ச நேரம் விவரமாக எழுதும், அப்புறம் சத்தமில்லாமல் நின்றுவிடும். காரணம், ஜாவா.யூட்டில்.லாகிங் தன் லாகர்களை வீக் ரெஃபரன்ஸாக, அதாவது தளர்ந்த பிடியில்தான் வைத்திருக்கிறது. வேறு யாரும் பிடித்து வைக்காவிட்டால் பயன்படாதவற்றை நினைவகத்திலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டர் கூட்டிக்கொண்டு போகும்போது நாம் வைத்த லெவலும் சேர்ந்து போய்விடும். லிஸனர் தான் தொட்ட லாகர்களைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்வதால் இனி அந்தத் தொல்லை இல்லை.

லாக் வரிகளில் கூடுதல் தகவலை ஒட்டும் வசதியான எம்டிசி பற்றி ஒரு வார்த்தை. எந்த இயந்திரத்தின் வரி என்று தெரிய, ஒவ்வொரு வரியின் தலையிலும் இயந்திர எண்ணை எம்டிசி மூலம் ஒட்டுகிறோம். அது த்ரெட்டோடு, அதாவது நிரலுக்குள் ஓடும் ஒரு வேலை இழையோடு, ஒட்டியிருக்கும். த்ரெட் பூலில் ஒரே த்ரெட் அடுத்தடுத்து வெவ்வேறு இயந்திரத்துக்கு ஓடும்போது, வேலை முடிந்ததும் துடைக்காவிட்டால் ஏழாம் ரிங் ஃப்ரேமின் பிழை மூன்றாம் ஆட்டோகோனரின் பெயரில் வரும். இதைப் ப்ளக்-இன்காரர்களிடம் விடாமல், எங்கள் ஷெட்யூலரிலேயே ஒட்டவும் இறுதியில் துடைக்கவும் செய்துவிட்டேன்.

பெட்டியின் ஃப்ளாஷ் டிஸ்க் மெதுவானது என்பதால் எழுதுவதை, வரிகளை வரிசையில் வைத்துப் பின்னணியில் எழுதும் அசிங்க் அப்பெண்டர் வழியாக விட்டிருந்தோம். அதன் வரிசையில் 256 இடம். 80 சதவீதம் நிரம்பிவிட்டால் இன்ஃபோ, டீபக், ட்ரேஸ் வரிகளை அது தானாகவே தூக்கிப்போடும். வார்னும் எர்ரரும் தப்பும். பிழைகள் கொத்தாக வரும் நேரத்தில்தான் அதற்கு முந்தைய இன்ஃபோ வரிகள் வேண்டியிருக்கின்றன, அதே நேரத்தில்தான் வரிசையும் நிரம்புகிறது. தூக்கிப்போடும் வரம்பை 0 ஆக்கி, வரிசையை 2048 ஆக்கினேன்.

சோதனை எப்படி? ஒவ்வொரு நள்ளிரவுக்கும் காத்திருக்க முடியாது. லாக்பேக் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஃபைல் மாற்ற வேண்டும் என்பதை ஃபைல் பெயரில் இருக்கும் தேதி வடிவத்திலிருந்தே புரிந்துகொள்கிறது. வடிவத்தில் நிமிடத்தையும் சேர்த்தால் நிமிடத்துக்கு ஒரு முறை நள்ளிரவு! அலுவலகத்தில் பழைய ப்ளக்-இன்னையும் பழைய அமைப்பையும் போட்டு முதலில் நோயை வரவழைத்தேன். மூன்றாவது நிமிடத்திலேயே ஃபைல்கள் ஒன்றை ஒன்று விழுங்க ஆரம்பித்தன. 21 இரவுகள் தூங்கிக்கொண்டே தவறவிட்ட காட்சி. பிறகு புதியதைப் போட்டேன். பத்து நிமிடம், பத்து ஃபைல்கள், எல்லோருடைய வரிகளும் அவரவர் நிமிடத்தில்.

கடைசியாக பில்டில் ஒரு சின்னக் காவல். எந்தப் ப்ளக்-இன் ஜாரின் உள்ளேயும் எஸ்எல்எஃப்4ஜே, லாக்பேக், லாக்4ஜே பேக்கேஜ்களின் அடைவு இருந்தால் பில்ட் விழும். ஜாரின் பட்டியலை எடுத்து அந்தப் பெயர்களைத் தேடுவதுதான், ஆறு வரி ஸ்கிரிப்ட். போட்ட முதல் நாளே இரண்டு ப்ளக்-இன்கள் மாட்டின. அவற்றில் ஒன்றை எழுதியவன் நான்.

மில்லில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்த நான்காம் நாள் காலை அதே எலக்ட்ரீஷியன் அழைத்தார். ராத்திரி மறுபடி அதே மீட்டர், இந்த முறை ஒன்பது இருபதுக்கு. நேற்றைய ஃபைலைத் திறந்தேன். நேற்றைய வரிகள் இருந்தன. 21:20:14இலிருந்து அந்த மீட்டரின் எண்ணான பதினான்காம் முகவரிக்குக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சிஆர்சி பிழை. டைம்அவுட் அல்ல. பதில் வருகிறது, ஆனால் குழம்பி வருகிறது. 21:52க்குச் சரியாகிறது. அதே ஃபைலில் கொஞ்சம் மேலே, மெயின் பேனல் மீட்டரில் வோல்டேஜ் 0 என்று ஒரு வரி 21:19இல்.

"அண்ணா, ஒன்பது இருபதுக்கு அங்கே கரன்ட் போச்சுங்களா?"

"ஆமாங்க சார். ஜெனரேட்டர் ஓடுச்சு, அரை மணி நேரம்."

"ஜெனரேட்டர் பேனல்ல புதுசா மீட்டர் ஏதாச்சும் மாட்டினீங்களா? அதுக்கு ஜெனரேட்டர் ஓடும்போது மட்டுந்தான் சப்ளையா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ரிங் ஃப்ரேம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மாட்டினேனுங்க. போன மாசம். நம்பர் வந்து..." ஏதோ ஒரு கதவு திறக்கும் சத்தம், டார்ச் அடித்துப் பார்த்திருப்பார். "இதுக்கும் பதினாலுதான் போட்டிருக்கேனுங்க சார்."